கால் மட்டும் சில்லிட்ட குழந்தை

சத்தியம், சத்தியம், மிச்சமிருக்கும் என் பற்கள் மேல் சத்தியம்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. குழந்தைகள் வார்டில் நோயாளி வாய் திறந்து சொல்லமாட்டான். கூட வந்தவர்கள் வாயை மூடமாட்டார்கள். அங்கே ஆண் நர்ஸாகக் காலம் தள்ளியவன் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கிடந்த உங்களுக்கு என் பாடு புரியும்.

அரைஞாண்

எழுபதுகள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வரிசை ஆறுமுகம், ஒர்க்‌ஷாப்பில் பைப் ஃபிட்டர். பேர் வைத்த மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பமே என் வார்டுக்கு ஓடி வந்தது. கை ரோஜா நிறம், வெதுவெதுப்பு; கால் வெளுத்துச் சில்லென்று. பால் குடிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது. முந்தின நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டியது ஆறுமுகத்தின் அக்கா சரோஜா.

"இழுத்து முடிச்சுப் போட்டீங்களே அண்ணி, ரத்தமே கீழே இறங்கலையே!" என்று பிள்ளையின் தாய் அலறினாள். கயிற்றுக்குள் என் விரலே தாராளமாக நுழைந்தது. இருந்தாலும் கத்தரித்தேன். சரோஜா அந்தப் பிஞ்சுக் காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அறுத்தாச்சேடா தம்பி, இன்னும் ஏன் சில்லுன்னே இருக்கு?"

பைப் வேலை

வார்டு டாக்டரம்மா பிள்ளையின் மணிக்கட்டில் விரல் வைத்தார், நாடி துள்ளியது. தொடை இடுக்கில் வைத்தார், ஒன்றுமே இல்லை. ராத்திரியிலிருந்து துணியும் நனையவில்லை. ஆறுமுகத்துக்குப் புரியும்படி சொன்னார்: இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய், தலைக்கும் கைக்கும் கிளை விட்டபின் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது. கருவில் இருந்த பக்கவழி ஒன்று, பிறந்த பிறகும் சில நாள் திறந்திருந்து கீழ்ப்பாதியைக் காப்பாற்றியது. இப்போது அது மூடிக்கொண்டது. காலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதவில்லை. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் ஓய்கிறது. கயிறு பாவம், ஒன்றும் செய்யவில்லை.

தாயின் காதில் எதுவும் ஏறவில்லை. வெட்டி இணைக்கிற டாக்டர்கள் மதராஸில்தான். பிள்ளை அதுவரை தாங்காது. ஆறுமுகம் டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "சுருங்கின இடத்தை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேர்க்கணும், அவ்வளவுதானேம்மா? அது நாங்க தினம் செய்யற வேலைம்மா!"

டீக்கடை

பிள்ளை மாலைக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் காலனியில் எந்தத் தொட்டிலுக்கும் சரோஜாவைக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் கைக்குழந்தையை முந்தானையால் மூடினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. டீக்கடை மேஜையில் டீயைத் தொட்டுப் பெருங்குழாயைப் படமாகவே போட்டு எல்லோருக்கும் விளக்கினேன். வெல்டர் மணி படத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தான்: "நக்கோ மாமா, கதை வேண்டாம்! பாலாநகர்ல சிறுத்தைக்கு ஊசி போட்டதும் நீங்கதானே?"

சிறுத்தையும் நிஜம்தான், அது போகட்டும். சரோஜா கதையை நாலு பேரிடம் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், என் பேர் அடிபட்டால் அவளை மறுபடியும் சந்தேகப்படுவார்கள்.