பின் சீட்டில் கரி மூட்டை

யுத்தம் வந்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஒன்று சமையலறையில், நான் மூட்டுவது. இன்னொன்று காரின் முதுகில், அவர் மூட்டுவது. கல்யாணமான நாளிலிருந்து என் அடுப்பில் ஒரு சுள்ளியைக்கூடத் தள்ளிவிடாத மனுஷர், கோழி கூவியதும் எழுந்து காரின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதையும் சேர்த்தால் மூன்று அடுப்பு.

பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்துவிட்டார்கள். கொடுத்த பெட்ரோல், கொல்லிமலை அடிவாரத்து எங்கள் ஊரிலிருந்து சேந்தமங்கலம் போய்வரவே போதவில்லை. அவர் காரைச் சேலத்துப் பட்டறையில் விட்டு வந்தார். கார் திரும்பி வந்தபோது அதன் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாய் உப்புமூட்டை ஏறியிருந்தது. பீப்பாய்க்குள் கரி எரியும். காற்றை அளவோடு விட்டால் கரி முழுசாக எரியாமல் வாயுவாக வரும். அது தேங்காய் நார் அடைத்த பெட்டிக்குள் புகுந்து தூசி நீங்கி, குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகும். பெட்ரோல் செய்த வேலையை இனி அதுதான் செய்யும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கியதை நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தினமும் காலையில் அந்த அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார். பிறகு ஒரு சின்னக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டுவார். நீலமாகப் பிடித்துக்கொண்டால் வாயு சரியாக வருகிறது என்று அர்த்தம். அந்த நீலத்தைக் கண்டதும் அவர் முகம் மலரும் பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சியோடு அவர் என்னைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"ஏனுங்க, காருக்கும் ஒரு உருண்டை களி போடட்டுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்குக் கரி போதும் அம்மிணி" என்றார். கிண்டல் என்றுகூட அவருக்குப் புரியவில்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது பின் சீட்டு. காரில் போகும்போது நானும் என் நாத்தனாரும் பின்னால்தான் உட்காருவோம். அடுப்பு வந்த பிறகு அந்த இடம் முழுக்கக் கரி மூட்டை. வழியில் அள்ளிப் போடக் கரி வேண்டுமே. மிஞ்சியது அவர் பக்கத்தில் ஒரே ஒரு இடம். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து சந்தைக்குப் போனால் அடுத்த சந்தை வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். அக்கா உட்காரலாம். அக்காவைத் தம்பி அழைத்துப் போவதில் யார் என்ன சொல்ல? என் நாத்தனாரான அவர் அக்காவோ அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். கார் கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், தலையில் பூ வைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் பக்கத்தில் உட்காருவதில் நாத்தனாருக்குத்தான் முதல் உரிமை என்பதை நான் கல்யாணத்தன்றே பார்த்துவிட்டேன். எங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் நகையெல்லாம் பூட்டி உட்காருவாள். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவளிடம். அது முடிந்த பிறகுதான் அந்தச் சேலை பெண்ணுக்கு வரும். அன்று கதவிடுக்கில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் கூறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "பாத்துக் கட்டு கண்ணு, கசங்கிப் போயிரும்" என்றார். தன் சேலையை இரவல் தருகிற மாதிரி இருந்தது.

அந்த வருஷம்தான் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. இந்த முறை இணைச்சீர் என்னுடையது. நான் பிறந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம், புளியஞ்சோலைக்குக் கீழே. நான் போய்ச் சேரத் தவறினால் என் இடத்தில் உட்கார சித்தப்பா மகள் ஒருத்தி தயாராக இருந்தாள். அவளுக்கு அதில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, இந்த ஒரு தடவை நான் முன்னால உக்காந்து வாரேனுங்க."

"ஊரு சிரிக்கும் அம்மிணி. அக்கா காருல வரட்டும். உனக்கு முன்னாடியே வண்டி பூட்டித் தாரேன்."

என் தம்பி கல்யாணத்துக்கு அவர் அக்கா காரில் போவாராம், நான் மாட்டு வண்டியில் மலையைச் சுற்றிப் போக வேண்டுமாம். மலைமேலிருந்து காருக்குக் கரி சுமந்து வரும் தேவனூர் நாட்டுக்காரி அப்போது களத்தில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். "எங்ககூட வாங்க சாமி. காரு சுத்திக்கிட்டு வாறதுக்குள்ள மலையேறி எறங்கிரலாமுங்க" என்றாள் என்னிடம். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை மலையேற்றியது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பட்டுச் சேலையையும் நகையையும் துணியில் கட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். ஏற்றத்தில் மூச்சு முட்டியபோதெல்லாம் அந்த முன் சீட்டை நினைத்துக்கொண்டேன், கால் தானாக நடந்தது. மலைமேல் செம்மேட்டைத் தாண்டி அவள் வீட்டில் சாமைச் சோறு தின்று படுத்தேன். மறுநாள் புளியஞ்சோலையில் இறங்கி, ஓடையில் முகம் கழுவி, பொழுது சாய்வதற்குள் அம்மா வீட்டு வாசலில் நின்றேன். சித்தப்பா மகளின் முகம் சுண்டிப் போயிற்று. அன்று மாலை வரவேண்டிய காரைக் காணவில்லை.

மறுநாள் காலையில் இணைச்சீருக்கு மேளம் கொட்டும் நேரத்தில் வந்தது, முன்னால் இரண்டு காளைகள் இழுத்துக்கொண்டு வர. அவர் முகம் கரிச்சட்டி. நாத்தனாரின் பட்டும் அப்படியே. நான் வாயைப் பொத்தாமலே சிரித்தேன்.

"பட்டுல தூசி படியுமேன்னு மூட்டை மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டேன் கண்ணு" என்றார் நாத்தனார், பாவமாக. நனைந்த கரியில் நீலத் தீ எங்கே பிடிக்கும்? துறையூர் தாண்டியதும் வண்டி படுத்துவிட்டது. நான் தெளித்திருந்தால் அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். அக்காவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

போகட்டும் என்று மணவறைக்குப் போனேன். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூறையின் தலைப்பு என் கையில் இருந்தது. அவர் கூட்டத்தில் நின்று, காரை மறந்து, என்னையே பார்த்தார். பார்க்கட்டும் என்று நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் முன் சீட்டு.

சீர் முடிந்து கூறையைப் பெண்ணிடம் எடுத்துப் போனேன். அவள் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சேலையை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். காரின் முன் சீட்டை நான் பார்த்த அதே பார்வை.

அவளிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன்.

"பாத்துக் கட்டு கண்ணு, கசங்கிப் போயிரும்" என்றேன்.