இறால் குளமும் கிருத்திகை விரதமும்

"இங்க வந்து பாருங்க... எறாவுக்கு நரம்பு நீலமா இருக்குது!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையல்கட்டிலிருந்து என் மனைவி சாந்தியின் குரல். இறாலின் முதுகைக் கீறிக் குடலை உருவிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கறுப்பாக வரும். அன்றைக்கு அதோடு தலைமுடி தடிமனில் ஒரு நீல நூலும் வந்தது. இன்னொன்றைக் கீறினாள். அதிலும் நூல்.

கடையில் வாங்கியது என்றால் கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது அவள் கூடப்பிறந்த தம்பி வளர்த்த இறால்.

தம்பி பெயர் குமரவேல். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் சாக்கு நெய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வயலில் ஒரு மூலையைத் தோண்டிக் குளமாக்கி, நன்னீர் இறால் விட்டிருக்கிறான். வளர்ச்சி பார்க்க அவ்வப்போது வலை வீசுவான். அதில் ஒரு பை முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மொபெட்டில் வந்துவிடும்.

ஆனால் ஒன்று. அவன் மட்டும் சாப்பிட மாட்டான்.

குளம் வெட்டிய கொஞ்ச நாளிலேயே ஆளுக்குப் பக்தி முற்றிவிட்டது. சனிக்கிழமை பெருமாள். செவ்வாய்க்கிழமை முருகன். ஞாயிற்றுக்கிழமையாவது சாப்பிடுவான் என்று பார்த்தால்... சஷ்டி, கிருத்திகை, அமாவாசை என்று ஏதாவது வந்து விழும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கவுச்சி கிடையாது. ஆகவே அவன் விரதம் இருப்பான், நாங்கள் இறால் சாப்பிடுவோம். நல்ல ஏற்பாடுதான் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தி நீல நூல்களை ஒரு சாஸரில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"காலண்டரைப் பார்த்துட்டேன்டா. இன்னைக்கு எந்தச் சாமியும் கெடையாது. இதைச் சமைச்சுப் போட்டா சாப்புடுவியா?"

குமரவேல் டிவியை அணைத்தான். கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது அவன் டிவியை அணைத்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். இறால் வளர வளர ஓட்டைக் கழற்றும். கழற்றிய கையோடு உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து மற்ற இறால்கள் அதைத் தின்றுவிடும். (சொந்தபந்தம்தான். வேறு யார்?) அதனால் ஒளிந்துகொள்ளக் குளத்தில் இடம் வேண்டும். மற்றவர்கள் பனை ஓலை போடுவார்கள். இவன் கம்பெனியில் கழிவாகக் கிடந்த நீல பிளாஸ்டிக் நாரைச் சும்மா அள்ளிவந்து, கற்றை கற்றையாகக் கல்லில் கட்டி இறக்கிவிட்டான். இறால் ஒளிந்தது. பிழைத்தது. இவனுக்கும் பெருமை பிடிபடவில்லை.

வெயிலிலும் தண்ணீரிலும் நார் நைந்தது. நைந்த நாரில் பாசி பிடித்தது. இறால் பாசியை மேய்ந்தது, நாரோடு சேர்த்து.

"போன வருஷமே பார்த்துட்டேங்க்கா. அன்னையிலேர்ந்து எனக்குத் தொண்டையில எறங்கல."

"ஊருக்கு மட்டும் எறங்குமா?"

"எல்லாரும் குடலை எடுத்துட்டுத்தானக்கா சாப்புடுறாங்க..."

"அப்ப நீயும் எடுத்துட்டுச் சாப்புடு."

அவன் என்னைப் பார்த்தான். "மாமா, நாளைக்கு ஐஸ் பொட்டியோட வேன் வருது. இந்தத் தடவை மொத்தத்தையும் புடிக்கிறோம். இப்பப் போயி..."

இந்த மாதிரிச் சமயங்களில் நான் பேப்பர் படிப்பது வழக்கம். படித்தேன்.

ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் கிளம்பிப் போனான். சாந்தி அழுதாள். தம்பியைத் திட்டியதற்காக இல்லை... இத்தனை நாள் தெரிந்தே அக்காவுக்கும் கொடுத்திருக்கிறானே என்று. எனக்கும் வலித்தது. எவ்வளவு தின்றிருப்பேன்!

சாயங்காலம் அவனிடமிருந்து மிஸ்டு கால். எப்போதும் மிஸ்டு கால்தான். சாந்தி திருப்பிக் கூப்பிட்டாள்.

"வேனை வர வேணாம்னுட்டேங்க்கா."

மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கற்றைகளை வெளியே எடுத்திருக்கிறான். பாதி கையோடு வந்தது, மீதி கையிலேயே பொடிந்தது. பனை ஓலை போட்டு, பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கலவரத்தில் ஓடு கழற்றிய இறால்கள் நிறைய மற்றவற்றுக்குச் சாப்பாடாகிவிட்டன. நஷ்டம்தான்.

"நாரெல்லாம் போச்சாடா?" என்று போனில் கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரிஞ்சது போச்சு மாமா."

தெரியாதது? அதை அவனிடம் கேட்டு என்ன பயன்? தெருமுனையில் கேரி பேக்கை வீசுகிற நாம் யாரும் அது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. பொடிப்பொடியாகி, மசாலா தடவி, நம் தட்டுக்கே வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை குமரவேல் மறுபடி ஒரு பையோடு வந்தான். சாந்தி ஒன்று விடாமல் கீறிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்தவரை கறுப்புதான். தொக்கு செய்தாள். எனக்கு மட்டும் தட்டு வைத்தாள்.

"எனக்கும் போடுக்கா," என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"டேய், இன்னைக்கு நெஜமாவே கிருத்திகைடா!"

"நாளைக்குக் காலையில வேன் வருதுக்கா. அதுக்கு முன்னாடி நான் சாப்புட்டாகணும். போடு."

இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். முருகன் கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை.