பாறைக்குப் பக்கத்தில் நிற்பவர்

யார் கேமராவை எடுத்தாலும் அவர் முதலில் தொப்பியைக் கழற்றிவிடுவார். பிறகு இரண்டடி ஓரமாக நகர்ந்து, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்பார். மகள் கல்யாணத்திலும் இதே கதைதான். ஆல்பம் முழுக்க அவர் ஓரத்தில் நின்று மண்டபத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் எடுத்தவர் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. "பொண்ணோட அப்பா எங்கேன்னு சம்பந்தி வீட்ல கேக்குறாங்க. தூணுக்குப் பக்கத்துல நிக்கிற இன்னொரு தூணைக் காட்டறேன்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் புவி அறிவியல் ஆய்வு நிலையத்தில் முப்பத்து நான்கு வருடமாக அவர் பார்த்துவரும் வேலை அது. பதிவேட்டில் கள உதவியாளர், ஜீப்பும் ஓட்டுவார். ஆனால் பாறையை வெறுமனே படம் எடுத்தால் அது எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வீட்டளவு பாறையும் செங்கல் அளவு கல்லும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் பக்கத்தில் எதையாவது வைப்பார்கள். சின்னக் கல் என்றால் பேனா, கொஞ்சம் பெரிதென்றால் சுத்தியல், மலை என்றால் மனிதர். எங்கள் நிலையத்தில் அந்த மனிதர் இவர். ஆய்வுக் கட்டுரைகளில் படத்துக்குக் கீழே 'அளவுக்காக நிற்பவரின் உயரம் 165 செ.மீ.' என்று அச்சாகும். பெயர் இருக்காது. இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் 'ஸ்கேல்'தான்.

நான் அங்கே செய்திமடல் தயாரிப்பவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு பக்கம். புதிய நிலநடுக்கமானி வந்து இறங்கியது, இருவர் முனைவர் பட்டம் பெற்றனர், வெளிநாட்டுக் குழு வந்து தேநீர் அருந்திச் சென்றது என்ற ரகச் செய்திகள். எழுதுபவன் நான், பிழை திருத்துபவன் நான், முழுவதும் படிப்பவனும் அநேகமாக நான் ஒருவன்தான். இந்த வருடம் நிலையத்துக்கு ஐம்பது வயது. பழைய புகைப்படங்களில் நூற்றைத் தேர்ந்து கண்காட்சி வைக்க வேண்டும் என்று என் தலையில் கட்டினார்கள். பத்தொன்பது பெட்டிகள். எந்தப் படத்தின் பின்னாலும் ஊரோ தேதியோ கிடையாது. அப்போதுதான் ஸ்கேலைப் பிடித்து என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

படத்தைக் கையில் கொடுத்தால் பாறையைத்தான் முதலில் பார்ப்பார். பிறகு கதை வரும். விடாமல் மூன்று நாள் மழை பெய்து கூடாரத்துக்குள் தவளையோடு படுத்தது, தள்ளினால்தான் கிளம்பும் பழைய ஜீப்பை அன்றைய இயக்குநரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியது, படம் கழுவும் இருட்டறைக் கதவை யாரோ திறந்து ஒரு மாத உழைப்பு வெளுத்துப் போனது. இதையெல்லாம் நானும் ஓரளவு அறிவேன். குழு திரும்பி வரும் மாலைகளில் தாழ்வாரம் முழுக்கச் சேறும் சிரிப்புமாக இருக்கும். கணக்குப் பிரிவிலிருந்துகூட எழுந்து வந்து கதை கேட்போம். இப்போது ஆட்கள் வந்து சேரும் முன்பே பறக்கும் கேமராவின் படங்கள் கணினிக்கு வந்துவிடுகின்றன. சௌகரியம்தான். ஆனால் தாழ்வாரத்தில் இப்போது சேறும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பெட்டி பெட்டியாகப் பார்க்கையில் அவருக்கு வயது ஏறிக்கொண்டே போனது. மீசை வந்தது, நரைத்தது, ஒருநாள் காணாமலும் போனது. பக்கத்தில் இருந்த பாறைகளுக்கு எதுவும் ஆகவில்லை. இதை நான் சொன்னபோது, "பாறை முக்கியம் சார், நாம சும்மா" என்றார். எதற்கெடுத்தாலும் இந்த வாக்கியம் வந்து விழும். மற்றபடி அளவு விஷயத்தில் மகா கறார். படத்துக்கு நிற்கும் முன் தண்ணீர் தொட்டு முடியைப் படியவைப்பார். முடி இரண்டு சென்டி ஏமாற்றிவிடும் என்பார். குதிகால் தேய்ந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றதே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் அவரைக் கேலி செய்வார்கள், முதல் களப்பயணம் போய்வரும் வரை.

அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது அந்தச் செய்தி என் மேஜைக்கு வந்தது. நிலச்சரிவுப் பிரிவின் ஆய்வு. ஒரு மலையடிவாரத்தில், மலையிலிருந்து பிரிந்து ஒரு பெரிய பாறை தனியாக நிற்கிறது. மலைக்கும் அதற்கும் நடுவே உள்ள சந்து ஜனங்கள் நடக்கும் வழி. பாறைக்குக் கீழே நாற்பது வீடுகள். பாறை நகர்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அந்தச் சந்தை யாரும் நாடா வைத்து அளக்கவில்லை. ஆனால் ஒரு படம் இருந்தது, படத்தில் ஸ்கேல் இருந்தார். ஓடையில் நனைந்த ஷூவைக் கல்மேல் காயவைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார். தொப்பியும் இல்லை, ஷூவும் இல்லை. இதைவிடச் சுத்தமான அளவு கிடைக்காது என்று பிரிவின் தலைவியான டாக்டரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. படத்தில் சந்தின் அகலம் அவர் உயரத்தைப் போல் சரியாக ஐந்து மடங்கு. நூற்று அறுபத்தைந்தை ஐந்தால் பெருக்கினால் எட்டு மீட்டர் இருபத்தைந்து. இன்றைய லேசர் அளவு எட்டு மீட்டர் இருபத்தேழு. இரண்டு சென்டி வித்தியாசம் கணக்குப் பிசகுக்குள் அடங்கிவிடும். பாறை நகரவில்லை.

'நாற்பது வீடுகளுக்கு ஆபத்தில்லை' என்று தலைப்பு வைத்தேன். முதல் பக்கம், அந்தப் படம், படத்துக்குக் கீழே முதன்முறையாக அவருடைய முழுப்பெயர். பெருமையோடு அவருக்கே படித்துக் காட்டினேன். பெயர் வரும் இடத்தில் நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "நூத்தி அறுபத்தஞ்சு வெச்சா சார் கணக்குப் போட்டாங்க?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார். மறுநாள் விடுப்பு. காய்ச்சலோடுகூட ஜீப் ஓட்டியவர்.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எங்கள் நிலையத்தின் பழைய முத்திரை. வேலைக்கான உடல் தகுதிச் சீட்டு. உயரம் 161 செ.மீ., தகுதியில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின வருடத் தேதி.

கதையைத் தலைகுனிந்தபடியே சொன்னார். நூற்று அறுபத்தைந்து இருந்தால்தான் எடுப்பார்கள். முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அட்டைப்பெட்டியை வெட்டி, அடுக்கி, காலுறைக்குள் குதிகாலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். தரை சில்லிட்டிருந்ததால் காலுறையோடே நிற்கச் சொன்னார்களாம். அன்று பதிவேட்டில் ஏறிய எண் முப்பத்து நான்கு வருடம் அவரோடு மலை மலையாக ஏறி இறங்கியது.

இந்த இடத்தில் நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. முதலில் கதவைச் சாத்தினேன். பொய் சொல்லிச் சேர்ந்ததாகத் தெரிந்தால் வேலையை விட்டே எடுத்துவிடலாம், இன்னும் இரண்டே மாதம், பேசாமல் இருங்கள் என்று சொன்னேன். கண்காட்சியிலும் படங்களுக்குக் கீழே அவர் பெயர் வரப்போவதை நினைவுபடுத்தினேன்.

"பாறைக்குப் பக்கத்துல நின்னப்பல்லாம் என் பொய் யாரையும் ஒண்ணும் பண்ணலை சார்," என்றார். "இப்போ நாப்பது வீட்டுக்கு நானே போய், தைரியமா இருங்கன்னு சொன்ன மாதிரி ஆகுது."

டாக்டரம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். நான் துணைக்கு நின்றேன். மாணவியாக இருந்த காலத்திலிருந்து அந்த அம்மாளைக் களத்துக்கு ஜீப்பில் அழைத்துச் சென்றவர் இவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா பென்சிலை எடுத்து நூற்று அறுபத்தொன்றை ஐந்தால் பெருக்கினார். எட்டு மீட்டர் ஐந்து. அதை இன்றைய எட்டு மீட்டர் இருபத்தேழிலிருந்து கழித்தார்.

"அண்ணே, பாறை ஒரு சாண் நகர்ந்திருக்கு" என்றார்.

செய்தி முதல் பக்கத்திலிருந்து இறங்கியது. முப்பத்து நான்கு வருடத்து மலைகள் எல்லாம் ஒரே நாளில் கொஞ்சம் குட்டையாகிவிட்டன என்று ஆய்வறைகளில் சிரித்துக்கொண்டார்கள். நிர்வாகத்தில் யாரும் சிரிக்கவில்லை. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. கண்காட்சியில் அவர் பெயர் போடுவதை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். பதிலைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார், நான்கு வரி. முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. அவரும் தினமும் சரியான நேரத்துக்கு வந்து ஜீப்பைத் துடைக்கிறார்.

போன வாரம் அந்த வீட்டுக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லப் போனோம். ஓட்டிச் சென்றது அவர்தான். சந்துக்குள் எல்லோரும் கூடினார்கள். முன்பு லேசரோடு போன எங்கள் ஆட்கள் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இப்போது வீட்டைக் காலி செய்யச் சொன்னால் யார் கேட்பார்கள்? பாறையை ஒட்டினாற்போல வீடு வைத்திருக்கும் தையல்காரர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார், லேசர் என்றார், பழைய படத்தை நீட்டினார். தையல்காரர் மரியாதையாகவே எல்லாவற்றையும் பார்த்தார்.

"காகிதத்துல காட்டாதீங்கம்மா," என்றார். "தினமும் இந்த வழியாத்தான் போறேன், வர்றேன். நகர்ந்துச்சுன்னா இங்க காட்டுங்க."

கூட்டம் கலையப் பார்த்தது. ஜீப்பருகே நின்றிருந்த ஸ்கேல் உள்ளே வந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அந்தப் படம் எடுத்த அன்னிக்கு, என்னை மாதிரி அஞ்சு பேர் வரிசையாப் படுத்தா இந்த இடம் அடைஞ்சுடும்," என்றார். "இன்னிக்குப் பாருங்க."

இரண்டு உள்ளங்கால்களையும் மலையோடு ஒட்டவைத்துப் புழுதியில் மல்லாந்து படுத்தார். உச்சந்தலைக்கு நேரே கோடு போடச் சொன்னார். யாரும் அசையவில்லை. தையல்காரர்தான் சட்டைப்பையிலிருந்து துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்துக் குனிந்து, தரைக் கல்லில் ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் எழுந்து அந்தக் கோட்டில் குதிகாலை வைத்து மறுபடி படுத்தார். மூன்றாவது, நான்காவது. சட்டை முதுகெல்லாம் மண். ஐந்தாவது கோட்டையும் போட்ட பிறகு அவர் எழுந்து நிற்கவில்லை. அப்படியே புரண்டு, மண்டியிட்டு, கட்டைவிரலைக் கோட்டின்மேல் ஊன்றிக் கையை விரித்தார். சுண்டுவிரல் பாறையைத் தொட்டது. தையல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தைத் தரையோடு சாய்த்துப் பார்த்து முடிக்கும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.