தேக்சா தூக்கியவனுக்கு வலி எத்தனை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் டன்லப் ஸ்ட்ரீட்டில் அஸ்மத் பாய் பிரியாணி என்றால் இன்றைக்கும் வரிசை நிற்கும். நாற்பது வருஷம் பிரியாணி தேக்சாவை ஏற்றி இறக்கியவை இந்தக் கைகள். கூலி கேட்டது என்னவோ இடுப்பு மூட்டு. போன மாதம் டாக்டர் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். எழுபத்தொரு வயதில் இவ்வளவு கெட்டியான எலும்பா என்று அவரே அசந்துபோனாராம்.

ஆபரேஷன் நடந்த அதே வாரம் சனிக்கிழமை பேத்தி ருக்சாருக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு விருந்தில் தேக்சா மூடியைத் திறந்து தம் உடைப்பது நான்தான். வேறு கை பட்டதில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வியாழனுக்குள் நாலு படி ஏறி இறங்கினால் வீடு, இல்லையென்றால் மூன்று வாரம் வேறு ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி.

செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் வந்தாள்.

"வலி எத்தனை அங்கிள்? இல்லவே இல்லன்னா சைபர், தாங்க முடியலன்னா பத்து."

பக்கத்துக் கட்டிலில் அழகப்பன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருக்கும் என்னைப் போலவே இடுப்பு, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அவர் முன்னால் வேறென்ன சொல்வது?

"ஒன்னு," என்றேன். ஒன்றுக்கு மாத்திரை எதற்கு என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அழகப்பன் கூசாமல் "ஏழு" என்றார். மாத்திரை விழுங்கினார். அரை மணியில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, டபுள் டெக்கர் ஓட்டுகிறவர் மாதிரி என் கட்டிலைக் கடந்து போனார்.

நடைப்பயிற்சி கொடுக்கிற நிதீஷ் வந்து என்னை எழுப்பினான். காலை ஊன்றினேன். பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமையும் அதே கதை.

"ஒன்னுன்னீங்க அங்கிள். ஒன்னுக்கா இப்படி வேர்க்குது லா?"

"உங்க ஏர்கான் சரியில்ல."

அழகப்பன் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். "ஏழுன்னு சொல்லிப் பாருங்க பாய்."

"சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கத்த நீங்க வச்சுக்குங்க. நான் பாத்ரூம் போயிட்டு வரேன்."

சாயங்காலம் என் மனைவி ஹஸீனா கஞ்சி கொண்டுவந்தாள். விஷயத்தை அழகப்பனே போட்டுக்கொடுத்தார்.

"அப்ப சனிக்கிழம தம்ம ரிஸ்வானே உடைக்கட்டும்," என்றாள்.

"நம்ம மவனா? அவனுக்குக் கரண்டியே பிடிக்கத் தெரியாது."

"சோறு அடிபிடிச்ச பொறவா நீங்க நெருப்பக் கொறைப்பீங்க? வலி ஏறுறதுக்கு முன்னாடி மாத்திரையப் போடுங்க."

கல்யாணமான இந்த நாற்பத்தாறு வருஷத்தில் பிரியாணி விஷயமாக அவள் என்னை ஜெயித்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை நர்ஸ் கேட்டதும் "பதினொன்னு," என்றேன். சொல்வதென்று ஆகிவிட்டால் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. அழகப்பன் சிரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பத்துக்கு மேல கிடையாது அங்கிள். உண்மையச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு "ஏழு," என்றேன்.

மாத்திரை போட்டு, ஐஸ் பை வைத்து, அரை மணி கழித்து எழுந்தேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில். நாலு படியும் ஏறி இறங்கினேன். அந்த வார்டில் அப்படி ஏறியவன் எவனும் இல்லை, நிதீஷைக் கேளுங்கள்.

சனிக்கிழமை நடைவண்டியோடு நின்று தம் உடைத்தேன். விருந்துக்கு அழகப்பனும் வந்திருந்தார்.

"இப்ப எத்தனை பாய்?"

"மூணு," என்றேன்.

உண்மையில் நாலு. ஹஸீனா அதற்குள் மாத்திரையும் தண்ணீருமாக வந்துவிட்டாள்.