ஏழாம் கட்டம்

என் மாமியாருக்குப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்து ஆரூடச் சக்கரத்தின் மேல் இருந்த நம்பிக்கை, பெற்ற பிள்ளைகள் மேல்கூடக் கிடையாது. கட்டம் கட்டமாக எண்கள் போட்டிருக்கும். குளித்து, விளக்கேற்றி, காரியத்தை மனதில் நினைத்து, கண்ணை மூடி ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். தொட்ட எண்ணுக்குரிய பலன் கீழே அச்சாகியிருக்கும். தெற்கு மாசி வீதிக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில், கடைக்குச் சரக்கு எடுப்பதும் மருமகள்கள் பிறந்த வீட்டுக்குப் போவதும் அதைக் கேட்டுத்தான்.

"இது வெளாட்டுச் சாமான் இல்லத்தா. ஒரு காரியத்துக்கு ஒரு தடவதான் தொடணும்" என்பார்.

மதியம் அவர் கண்ணயர்ந்ததும் நானும் என் ஓரகத்தியும் அதை எடுத்து வைத்து விளையாடுவோம். இன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்குமா? மாமனாரின் குறட்டை எப்போது நிற்கும்? இதற்கு 'பொறுமை தேவை' என்று பலன் வந்த அன்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

விளையாட்டில் ஒரு வித்தையும் படிந்தது. கட்டைவிரலைப் பக்கத்தின் கீழ்மூலையில் ஊன்றி, ஆட்காட்டி விரலை முழுக்க நீட்டினால், கண்ணை எவ்வளவு இறுக்கி மூடினாலும் விரல் ஏழில்தான் போய் உட்காரும். ஏழுக்கு, 'எண்ணியது கைகூடும்.' இதைக் கண்டுபிடித்த ஓரகத்தி அந்த வருஷம் மூன்று முறை பிறந்த வீட்டுக்குப் போய்வந்தாள்.

சித்திரையில் சோழவந்தானிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. ரங்கூனிலிருந்து ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கும் என் அண்ணன், வெள்ளிக்கிழமை மறுபடி கப்பலேறக் கிளம்புகிறான். இரண்டே நாள் இருந்தது. இப்போது விட்டால் எப்போது பார்ப்பேனோ என்று மாமியாரிடம் போய் நின்றேன்.

"குளிச்சிட்டு வா, தொட்டுப் பாப்போம்" என்றார் அத்தை. விரல்தான் இருக்கிறதே என்று தெம்பாகக் குளித்தேன்.

கட்டைவிரலை ஊன்றி, நீட்டித் தொட்டு, கண்ணைத் திறந்தால் நான்கு. 'பயணத்தால் வீண் அலைச்சல்.' வருஷம் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அத்தை மடியில் இருந்தது புதுப் பஞ்சாங்கம். அச்சடித்த புண்ணியவான் சக்கரத்தை ஒரு விரற்கடை மேலே ஏற்றிப் போட்டிருந்தான். கதவருகே நின்ற ஓரகத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

விளையாடியதற்குத் தண்டனை என்று நினைத்தேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அத்தை என் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஈரக் கையோட தொட்டா கணக்குல வராது. அது சும்மா வெளாட்டுன்னு வச்சுக்க. தொடச்சிட்டு மறுபடி தொடு."

துடைத்துவிட்டுத் தொட்டேன். 'பொறுமை தேவை.' மாமனார் குறட்டைக்கு வந்த அதே பலன். இந்த முறை ஓரகத்திகூடச் சிரிக்கவில்லை.

"அதுவும் வெளாட்டுதான். நீ அழுதுக்கிட்டுல்ல தொட்ட?" என்று புத்தகத்தை மடியில் நிமிர்த்தி வைத்தார் அத்தை. "இப்பத்தான் நெசம்."

மூன்றாவது முறை நான் வித்தை எதுவும் செய்யவில்லை. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு விரலை வைத்தேன். வைத்த பிறகு, விரலுக்கு அடியில் காகிதம் மெல்ல நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

"கண்ணத் தொற. ஏழு" என்றார் அத்தை. "பாத்தியா? வெளாடாம நெசமாத் தொட்டா சாமி வழிவிடாமயா போயிரும்? ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்பு."