வாசலில் பிடித்த பிரேக்

சூசைராஜ் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். சுடுகாட்டிலிருந்து காலியாகத் திரும்பும் வண்டியை எவர் வாசலிலும் நிறுத்த மாட்டார். பதினோரு வருடமாக அமரர் ஊர்தி ஓட்டுகிறார். அதற்கு முன்பு ஒட்டன்சத்திரம் தக்காளி லோடு. தக்காளிக்குப் பிணம் தேவலை, நசுங்கிவிட்டதென்று யாரும் சண்டைக்கு வருவதில்லை என்பார். அந்த வாயெல்லாம் இந்தப் பங்குனியோடு அடங்கிப்போயிற்று.

நத்தம் சாலையில் ஒரு வேகத்தடைக்காக மிதித்த பிரேக், காலை எடுத்த பிறகும் விடவில்லை. காலி வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றது. நான்காம் நாள் அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்து கன்னிவாடியில் ஒரு டீக்கடை முன்பு. கடைக்காரர் ஒரு வாரம் தாங்கவில்லை.

சூசைராஜின் மனைவி ஐரினுக்கு இருதயக் கோளாறு. மேட்டுப்பட்டியில் தன் தெருவழியாக வண்டியை ஓட்டிப் போவதையே சூசைராஜ் விட்டுவிட்டார். ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். பயம் அவரைத் தின்றது.

பேகம்பூரில் தன் பட்டறையில் மெக்கானிக் நைனா முகமது பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. பிரேக் ஷூ உரசி உரசி, அதைத் தாங்குற பேக் பிளேட்டுத் தகடுல பள்ளம் விழுந்துருச்சு. ஷூ அதுல மாட்டிக்கிட்டா பிரேக் எப்படி விடும்?"

சூசைராஜ் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். நகம் முழுதாக உள்ளே போனது.

"வெல்டிங் வச்சு ராவுனா போதுமா பாய்?"

"வேணாம். புதுசே போட்டுருவோம்."

மதியத்துக்குள் புது பிளேட்டுகள் ஏறிவிட்டன. நைனா முகமது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "உங்க தெருவுக்கே விடுங்க. பாத்துருவோம்."

மேட்டுப்பட்டியில் ஐரின் வாசலில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். வேகத்தடையில் சூசைராஜ் பிரேக்கை மிதித்துக் காலை எடுத்தார். வண்டி தயங்காமல் அவளைத் தாண்டிப் போனது. சூசைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இம்புட்டுதாண்ணே," என்றார் நைனா முகமது.

திரும்பி வரும்போது வண்டியைப் பட்டறை தாண்டி வேப்பமர நிழலில் போட நினைத்தார் சூசைராஜ். அது பட்டறை வாசலிலேயே நின்றது.

"பாத்தீங்களா, எம்புட்டு அழகா பிடிக்குதுன்னு," என்று நைனா முகமது கதவைத் திறந்தார்.

சூசைராஜ் குனிந்து பார்த்தார். அவர் கால் இன்னும் பிரேக்குக்குப் போகவே இல்லை.

"பாய், செத்த நேரம் எறங்காதீங்க."

நைனா முகமது அதற்குள் இறங்கியிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "டீ சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டார்.