மதிவாணனின் ஒன்பது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்கு மதிவாணன்தான் சிஸ்டம் இன்சார்ஜ். ஆரணிக்காரர். பதினாறு வருஷமாக ஏ.சி. அறையில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டதெல்லாம், யாரும் எதிர்க்கேள்வி கேட்காதபடி முகத்தை வைத்துக்கொள்வது ஒன்றைத்தான். அதில் மட்டும் ஆளை அடித்துக்கொள்ள முடியாது.

அவருக்குக் கீழே ஒப்பந்த வேலையில் இருந்தாள் அருணா. பொன்னேரியிலிருந்து ரயிலில் வருகிறவள். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளோடு அவர் மேஜை முன்னால் நின்று நின்றே அவளுக்கு ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஆலையின் டி.என்.எஸ். சர்வரை நிறுவியவர் மதிவாணன். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த முகவரி என்று சொல்லும் பதிவேடு அது. அதன் நகல் பெரியபாளையம் சாலைக் கிடங்கில் இன்னொரு சர்வரில் இருந்தது. பதிவேட்டின் தலையில் ஒரு வரிசை எண் உண்டு. உள்ளே எதை மாற்றினாலும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். எண் கூடியிருந்தால்தான் கிடங்குச் சர்வர் புதிய பதிவை இழுத்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் பழையதையே ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

மதிவாணன் போட்ட எண் 2014060500. நிறுவிய தேதியும் இரண்டு சைபரும். எண் ஜோதிடர் ஒருவரிடம் அதைக் காட்டியிருக்கிறார். கூட்டினால் ஒன்பது வருகிறது, உன் ராசிக்கு யோகம், கை வைக்காதே என்றாராம். மதிவாணன் கை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பெனி ஜீப்பில் கிடங்குக்குப் போவார். அங்கிருக்கும் நகலை அழித்துவிட்டு சர்வரை மறுபடி ஓட்டுவார். அப்படி வெறுங்கையாக எழுந்திருக்கும் சர்வர் எண்ணைப் பார்க்காமல் முழுப் பதிவையும் வாங்கிக்கொள்ளும். வழியில் பிரியாணி. அரை நாள் போய்விடும். ஆபீசில் இதற்கு உழைப்பு என்று பெயர்.

எண்ணைக் கூட்டினால் போதுமே என்று அருணா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். புத்தகம் படித்துவிட்டு வந்து தனக்கே பாடம் நடத்துகிறாளா என்று கேட்டார். அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை பில் போடும் சர்வரின் முகவரியை மாற்றினார்கள். அன்று பார்த்து ஜீப் ஒர்க்ஷாப்பில். பஸ்ஸில் போகலாம், ஆனால் சிஸ்டம் இன்சார்ஜ் பஸ்ஸில் தொங்கினால் மரியாதை என்ன ஆவது? கிடங்கில் பில் வரவில்லை. கம்பி ஏற்றிய பதினாலு லாரிகள் கேட்டில் நின்றன. மேனேஜர் சரவணகுமார் அறைக்கே வந்துவிட்டார்.

மதிவாணன் நிதானமாக அருணாவைக் கை காட்டினார். "இந்தப் பொண்ணு ஃபைல்ல இன்னாவோ நோண்டிக்கீது சார். சொன்னா கேக்கறதில்ல. இந்த வாட்டி நான் கையெழுத்து போடறதா இல்ல."

ஆறு வருஷம் ஒரே வாக்கியத்தில் போயிற்று. அருணா தன் திரையை மேனேஜர் பக்கம் திருப்பினாள்.

"நான் நோண்டல சார். இதோ பாருங்க, நம்பரு. 2014 ஜூன் அஞ்சு. அன்னிலேருந்து யாருமே ஏத்தல. அதான் கெடங்குல பழைய அட்ரஸையே சொல்லிக்கினு கெடக்குது. ஒன்னு ஏத்தறேன், பாருங்க."

"சார், ஒன்பது போயிடும் சார்," என்றார் மதிவாணன். அந்தக் குரலில் அவரை யாரும் கேட்டதில்லை.

மேனேஜருக்குப் புரியவில்லை. ஜோதிடர் சொன்னதை மதிவாணனே சொல்லிப் புரிந்தபோது முகம் சுளித்தார், தட்டில் ஈ கிடந்ததுபோல. அருணா கடைசி சைபரை ஒன்றாக்கினாள். ஐந்து நிமிஷத்தில் கிடங்கிலிருந்து போன் வந்தது: பில் வருகிறது, லாரிகள் நகர்கின்றன.

மேனேஜர் மதிவாணனைத் திட்டக்கூட இல்லை. அவள் ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இப்போதே கையெழுத்துப் போடும்படி அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றார். மதிவாணன் போட்டார். பேனாவை இரண்டு முறை உதற வேண்டியிருந்தது.

மேனேஜர் போனதும் அவர் அவள் பக்கம் குனிந்தார். "யம்மா, அந்த ஒன்ன ஒம்போதாக்கிடேன். கூட்டுனா மறுபடி ஒம்போதே வரும். உனக்கு இன்னா நஷ்டம்?"

அருணா தாளை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அடுத்த வாட்டி எதனா மாத்தறப்போ ரெண்டு போடுவேன் சார்," என்றாள்.